குடல் பாக்டீரியா கட்டுரையில் விட்டுப்போன மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் ‘கொரோனாவைத் தடுக்கும் குடல் பாக்டீரியா’ என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் மன்னார்குடியில் 29 வருஷமாக மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர். திங்கள்கிழமை காலை கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேர் அந்தக் கட்டுரையைச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், பக்கத்தையே கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை என் முன்னால் விரித்து, “தம்பி, இதுல போட்டிருக்கிற நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல் இருக்கா? எனக்குச் சுகர் இருக்கு. இன்னொரு தடவை கொரோனா வந்தா தாங்காது” என்றார். எடுக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள், “அப்படியே மூணு நாளா சளி. அந்த அஸித்ரோ ஒரு அட்டை கொடு” என்றார்.

அஸித்ரோ என்றால் அஸித்ரோமைசின், பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாடிக். நல்ல பாக்டீரியாவுக்கு ஒரு மாத்திரை, அதைக் கொல்ல ஒரு மாத்திரை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். அவர் மேல் தப்பு எதுவும் இல்லை. அந்த ஒரு பக்கக் கட்டுரையில் தயிர் இருந்தது, கேப்ஸ்யூல் இருந்தது, ஐந்து யோசனைகள் கட்டம் கட்டிப் போட்டிருந்தன. ஆண்டிபயாடிக் என்ற சொல் மட்டும் ஓரிடத்தில்கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை சொன்ன ஆராய்ச்சி உண்மையானது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தார் செய்தது. 2020-இல் மருத்துவமனையில் சேர்ந்த 100 கொரோனா நோயாளிகளின் மலத்தையும் ரத்தத்தையும் சோதித்து, கொரோனா இல்லாத 78 பேரோடு ஒப்பிட்டு, 2021 ஜனவரியில் வெளியிட்டார்கள். நோயாளிகளின் குடலில் சில பாக்டீரியாக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி, யூபாக்டீரியம் ரெக்டாலே, பிஃபிடோபாக்டீரியம் வகைகள் சில. நோய் கடுமையாக இருந்தவர்களிடம் குடலின் இந்த மாற்றமும் அதிகம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகளும் அதோடு சேர்ந்தே ஏறியிருந்தன. உடம்பிலிருந்து வைரஸ் போய் 30 நாள் ஆன பிறகும் சிலருக்கு அந்தக் குறைவு சரியாகவில்லை.

இதெல்லாம் கட்டுரையில் சரியாகவே வந்திருந்தது. ஆனால் தலைப்பில் இருக்கும் ‘தடுக்கும்’ என்ற சொல் அந்த ஆராய்ச்சியில் எங்கேயும் இல்லை. அவர்கள் சோதித்தது ஏற்கெனவே கொரோனா வந்தவர்களை. கொரோனா வருவதற்கு முன்னால் அந்த 100 பேரின் குடல் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. காய்ச்சலில் நாலு நாள் கஞ்சி மட்டும் குடித்தாலே குடல் பாக்டீரியா மாறும். படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் மாறும். சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த நல்ல வகைகள் முன்பே குறைவாக இருக்கலாம், அவர்களுக்குத்தான் கொரோனாவும் கடுமையாக வந்தது. அப்படியென்றால் குடல் கெட்டதால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் குடல் கெட்டதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். ஆராய்ச்சியாளர்களே ‘தொடர்பு’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். நாமும் அங்கேயே நிறுத்துவதுதான் சரி.

நுரையீரலில் வரும் நோய்க்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வைரஸ் உள்ளே நுழைய ஏசிஇ-2 என்று ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் மூக்கிலும் நுரையீரலிலும் இருப்பது போலவே சிறுகுடல் சுவரிலும் ஏராளமாக இருக்கிறது. அமெரிக்காவில் 2020 ஜனவரியில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிக்கே வயிற்றுப்போக்கு இருந்தது; மலத்தைச் சோதித்தபோது அதிலும் வைரஸின் மரபணு இருந்தது. அதே வருஷம் நெதர்லாந்தில், மனிதக் குடல் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து வைரஸை விட்டுப் பார்த்தார்கள். அது அங்கேயே பெருகியது.

இனி அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. நம் பெருங்குடலின் உட்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல்லால் ஆனது. செங்கல் பக்கத்தில் செங்கல் வைத்த மாதிரி. அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியா, இந்தப் பக்கம் ரத்தம். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் இருக்கும் பூச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். நாம் சாப்பிடும் கீரை, பயறு, வாழைத்தண்டு இவற்றின் நார் நமக்குச் செரிக்காது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே ஃபீக்காலிபாக்டீரியம் போன்றவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்று ஒரு அமிலத்தைத் தருகின்றன. சுவரில் இருக்கும் செல்லுக்கு முக்கியமான சாப்பாடே அந்த அமிலம்தான். சுவரை இறுக்கமாக வைப்பதற்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் அளவுக்கு மீறிக் கொந்தளிக்காமல் இருப்பதற்கும் அதுதான் உதவுகிறது. கொரோனாவில் பல பேரைக் கொண்டுபோனது அந்தக் கொந்தளிப்பு என்பது நமக்குத் தெரியும். இந்தப் பாக்டீரியா குறைந்தால் சுவர் தளரும், தளர்ந்தால் குடலுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்துக்குள் போகும். இதுதான் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம்.

சந்தேகம் வெறும் சந்தேகமாக நிற்கவில்லை. நியூயார்க் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2022-இல், இரண்டு இடங்களில் இருந்த 96 கொரோனா நோயாளிகளின் குடல் பாக்டீரியாவையும் அவர்களின் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் பாக்டீரியா தொற்று வந்திருந்தது. அது குடலிலிருந்தே போயிருக்கலாம் என்று அந்தக் கணக்கு காட்டியது. மருத்துவமனையில் இருந்தவர்களின் குடலில், ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத ரகங்கள் கொண்ட பாக்டீரியா இனங்கள் பெருகியும் இருந்தன. எலிகளுக்கு வைரஸைக் கொடுத்தபோதும் குடல் மாறியது. எலிக்கு யாரும் ஆண்டிபயாடிக் கொடுக்கவில்லை. ஆக, வைரஸ் தானாகவே குடலைக் கெடுக்கிறது. ஹாங்காங் கணக்கும் அதையே சொன்னது: மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இருவருக்குமே குடல் மாறியிருந்தது.

ஏற்கெனவே அடி வாங்கிக் கிடக்கும் அந்தக் குடலில்தான் நாம் ஆண்டிபயாடிக்கைக் கொட்டினோம். ‘நாம்’ என்று சொல்வது சரியில்லை. நான் கொட்டினேன்.

2021 மே மாதம். ஊரடங்கு. கடை வாசலில் கயிறு கட்டி, முன்னால் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தேன். வருகிறவர்கள் அந்த ஓட்டை வழியாகச் சீட்டை நீட்டவில்லை, போனை நீட்டினார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு பட்டியல். அஸித்ரோமைசின் 500, டாக்சிசைக்ளின், ஐவர்மெக்டின், ஜிங்க், வைட்டமின் சி. எந்த டாக்டர் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஐவர்மெக்டின் என்ற பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. வந்த எல்லா போனிலும் அதே எழுத்து இல்லை. “அண்ணே, வீட்ல நாலு பேருக்கும் காய்ச்சல்ணே, நாலு செட் குடுங்க” என்பார்கள். கொடுத்தேன். காய்ச்சல் வராதவர்கள் ‘முன்ஜாக்கிரதைக்கு’ என்று கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் அஸித்ரோமைசின் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது, ஆக்சிஜன் கிடையாது. கையில் எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது அட்டை போயிருக்கும்.

இங்கிலாந்தில் ரெக்கவரி என்ற பெயரில் ஒரு பெரிய சோதனை நடந்தது. மருத்துவமனையில் இருந்த கொரோனா நோயாளிகளில் 2,582 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு அஸித்ரோமைசினும் கொடுத்தார்கள், 5,181 பேருக்கு அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் 22 சதவீதம். ஒரு உயிர்கூட அந்த மாத்திரையால் கூடுதலாகத் தப்பியதாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற, வயதானவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் பலன் இல்லை. இந்த முடிவுகள் வந்தது 2021 பிப்ரவரி, மார்ச்சில். நம் ஊரில் இரண்டாவது அலை வந்தது ஏப்ரல், மே மாதங்களில். இரண்டு மாதம் இருந்தது. அந்தச் செய்தி பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் நின்ற எனக்கு வந்து சேரவில்லை. வாட்ஸ்அப் பட்டியல் வந்து சேர்ந்துவிட்டது.

அந்த மாதம் தஞ்சாவூரில் இருக்கும் என் அக்காவுக்கும் கொரோனா வந்தது. அக்காவுக்கு அப்போது 61 வயது, சுகர் உண்டு. முதல் நாளே நான்தான் அஸித்ரோவும் டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆண்டிபயாடிக்கும் பஸ் இல்லாததால் தெரிந்த வேனில் கொடுத்தனுப்பினேன். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இன்னும் இரண்டு ஆண்டிபயாடிக் ஊசிகள். 11 நாள் கழித்து உயிரோடு வீட்டுக்கு வந்தார். அந்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. வந்த பிறகுதான் வயிறு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, மூன்று வாரம். மோர் சாதம் நிற்கவில்லை, ரசம் சாதம் நிற்கவில்லை. ஓ.ஆர்.எஸ் தூளைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்து அவர் மகளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. போனில் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, காய்ச்சல் என்னை விட்டுடுச்சு. இந்த வயிறுதான் என்னைத் தின்னுது.”

அது கொரோனாவால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கொரோனாவே வயிற்றுப்போக்கைத் தரும். மருத்துவமனையில் போட்ட ஊசி தேவைப்பட்டே இருக்கலாம். ஆனால் முதல் நாள் நான் வேனில் அனுப்பிய அந்த இரண்டு அட்டை தேவையில்லாதது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒரு தடவை ஆண்டிபயாடிக் சாப்பிட்டால் குடல் திரும்ப எவ்வளவு நாள் ஆகும்? டென்மார்க்கில் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு நாலே நாள், மூன்று கடுமையான ஆண்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. ஆறு மாதம் கழித்தும், முன்பு எல்லோருக்கும் இருந்த ஒன்பது வகை பாக்டீரியாவைக் காணவில்லை. அவர்கள் கொடுத்தது மருத்துவமனையில் கொடுக்கும் பெரிய மருந்துகள். அஸித்ரோ அவ்வளவு பலமானது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்கள் நோயில்லாத ஆண்கள். என் அக்கா அப்படி இல்லை.

என் ஒரு கடையின் கதை மட்டும் இது என்றால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் ஒரு கணக்கு வெளியிட்டது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் பாக்டீரியா தொற்றும் சேர்ந்து வந்து ஆண்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் 8 சதவீதம். கொடுக்கப்பட்டது சுமார் 75 சதவீதம் பேருக்கு. நம் நாட்டில், முதல் அலை ஓடிய 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நாலு மாதத்தில், வழக்கத்துக்கு மேல் 21 கோடியே 64 லட்சம் டோஸ் ஆண்டிபயாடிக் விற்றிருக்கிறது என்று தனியார் விற்பனைக் கணக்கை வைத்து ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் அஸித்ரோமைசின் மட்டும் 3 கோடியே 80 லட்சம். இவ்வளவும் வைரஸை ஒன்றும் செய்யாது. போய் இறங்கிய இடம் குடல்.

சரி, கேப்ஸ்யூலுக்கு வருகிறேன். அதை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் அசதி, மறதி என்று அவதிப்பட்ட 463 பேரிடம் அதே ஹாங்காங் பல்கலைக்கழகம் தாங்களே உருவாக்கிய ஒரு கலவையைக் கொடுத்துச் சோதித்தது. மூன்று வகை பிஃபிடோபாக்டீரியாவும், அவற்றுக்கு உணவாகும் நார்ச்சத்தும் சேர்ந்த கலவை. ஆறு மாதத்தில் அசதி குறைந்தவர்கள் கலவை எடுத்த பக்கம் 63 சதவீதம், எடுக்காத பக்கம் 43 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் அது அந்தக் கலவைக்கு, அந்த நோயாளிகளுக்கு. என் கடை அலமாரியில் பன்னிரண்டு வகை ‘நல்ல பாக்டீரியா’ கேப்ஸ்யூல் இருக்கிறது. உள்ளே இருக்கும் ரகம் ஒவ்வொன்றிலும் வேறு, எண்ணிக்கை வேறு. ஃபீக்காலிபாக்டீரியம் அதில் ஒன்றில்கூட இல்லை. காற்று பட்டால் செத்துவிடும் உயிர் அது, கேப்ஸ்யூலில் அடைப்பது லேசு இல்லை. பெரியவருக்கு விளக்கியது இதைத்தான். அந்த ஒரு அட்டையின் விலைக்கு அவர் ஒரு வாரத்துக்குக் கீரையும் கொண்டைக்கடலையும் வாங்கலாம். அந்த பாக்டீரியா உள்ளே இருந்தால் அதைத் தின்று பெருகும்.

பழைய சோற்றைப் பற்றியும் கட்டுரையில் நாலு வரி இருந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை டாக்டர்கள் குடல் நோயாளிகளுக்காக அதை ஆராய்ச்சிக்கு எடுத்தது நமக்கெல்லாம் பெருமை. நானும் வெயில் காலத்தில் சின்ன வெங்காயத்தோடு தினமும் சாப்பிடுகிறவன். ஆனால் பழைய சோறு கொரோனாவைத் தடுக்கும் என்று எழுதாதீர்கள். நம்பிச் சாப்பிட்டுவிட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

பெரியவருக்குக் காய்ச்சல் இல்லை. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தேன், ஆக்சிஜன் 97. நெஞ்சில் இரைச்சல் இல்லை. அஸித்ரோ கொடுக்கவில்லை. ஆவி பிடிக்கச் சொல்லி, காய்ச்சல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. “ஏன்பா, முன்னெல்லாம் நீயே கொடுப்பியே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முன்னெல்லாம் நானே கொடுத்திருக்கிறேன். அவர் படியிறங்கி எதிர்ச் சாரியில் இருக்கும் இன்னொரு கடையை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

டாக்டர் எழுதிக்கொடுத்த ஆண்டிபயாடிக்கை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் பாதியில் நிறுத்த வேண்டாம். நிமோனியாவுக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும், ஆறாத புண்ணுக்கும் அது உயிர் காக்கிறது. நான் சொல்வது தானாகக் கேட்டு வாங்குவதையும், என்னைப் போன்றவர்கள் கேட்டவுடன் கிழித்துக் கொடுப்பதையும்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில், சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் வாங்காதீர்கள், அது முதலில் அடிப்பது உங்கள் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் என்று ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். உங்கள் பத்திரிகையில் வந்தால் பெரியவர் அதையும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நானும் ஒன்றை வெட்டிக் கல்லாவுக்கு மேல் ஒட்டிவைப்பேன். அஸித்ரோ கேட்டு வருகிறவர்களிடம் இப்போது என் வாய்ச்சொல்லைத் தவிரக் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மருந்தாளுநர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.